பாப்பா படிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும். "பாப்பா, அந்தக் கதை புக்கை எடுத்துட்டு வா, அங்கிளுக்குப் படிச்சுக் காட்டு!" என்பார் அம்மா. யூ.கே.ஜி. பாப்பாவும் புத்தகத்தை மடியில் விரித்து, விரலை வைத்து, பக்கம் பக்கமாகக் கடகடவென்று படித்துக் காட்டும். வந்தவர் அசந்துபோவார். அம்மா முகத்தில் பெருமை தாங்காது.

அடுத்த முறை பாப்பாவின் விரலைக் கவனியுங்கள். விரல் 'மரம்' என்ற சொல்லிலேயே நிற்கும். வாய் மரத்தைத் தாண்டி, கிளையைத் தாண்டி, குருவிக் கூட்டுக்கே போயிருக்கும். சில சமயம் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்த பக்கத்து வரி வந்துவிடும். பாப்பா படிக்கவில்லை, ஒப்பிக்கிறாள்.

இதில் பாப்பா மேல் தப்பு எதுவும் இல்லை. நாலு வயதுப் பிள்ளை ஒரு கதையைப் பத்து முறை கேட்டால் அட்சரம் பிசகாமல் சொல்லும். அது நல்ல ஆரம்பமும்கூட. புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, எழுத்துக்குள் கதை இருக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் பிள்ளைக்குப் புரிகிறது. 'படிக்க வந்துவிட்டது' என்று பெரியவர்கள் முடிவு கட்டி, அதோடு விட்டுவிடுவதுதான் சிக்கல். ஒன்றாம் வகுப்பு வரை படமும் ஞாபக சக்தியும் காப்பாற்றும். மூன்றாம் வகுப்பில் பக்கம் முழுக்க எழுத்தாக இருக்கும், மூலையில் ஒரே ஒரு படம். அங்கே போய் மாட்டிக்கொள்ளும்போது யாரும் 'வாசிப்பு வரவில்லை' என்று சொல்வதில்லை. 'கவனம் இல்லை', 'சோம்பேறி', 'மக்கு' என்றுதான் பெயர் வைக்கிறார்கள். எட்டு வயதில் ஒட்டிய அந்தப் பெயர் சீக்கிரம் உரிவதில்லை.

எத்தனை பிள்ளைகள் இப்படி? கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் வகுப்புப் பாடத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுத்தால், இந்திய அளவில் 2022-ல் 20.5 சதவிகிதம் பேர்தான் படித்தார்கள். 2024-ல் 27.1 சதவிகிதம். கொஞ்சம் ஏறியிருக்கிறது, சரி. ஆனாலும் ஏறக்குறைய நாலில் மூன்று பிள்ளைகளுக்கு, போன வருடத்துப் பாடத்தையே படிக்க வரவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள டியூஷன் மிஸ் தேவையில்லை. நன்றாகத் தெரிந்த பக்கத்தை எடுத்து, கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில், அதே எழுத்துகளை வைத்து அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள். 'டமபம்', 'தரடம்' என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். 'இது ஒரு பூதத்தோட பேரு, படி பார்ப்போம்' என்றால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முயற்சி செய்வார்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை திக்கித் திணறியாவது சொல்லிவிடும். ஒப்பிக்கிற பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்.

இது விளையாட்டாகத் தெரிந்தாலும், இங்கிலாந்தில் 2012-லிருந்து அரசாங்கமே நடத்தும் சோதனை. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளிடம் 40 சொற்களைக் கொடுப்பார்கள். அதில் 20 சொற்கள் அகராதியிலேயே கிடையாது. பொய்ச் சொல் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகப் பக்கத்தில் ஒரு விசித்திர ஜந்துவின் படம் போட்டிருப்பார்கள். ஞாபகத்தில் இல்லாத சொல்லைப் படிக்க முடிகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்காக ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சொல்லை ஒரு படம் போல முழுசாகப் பார்த்துப் பார்த்துப் பழகினால் படிப்பு தானாக வந்துவிடும் என்றது ஒரு கட்சி. இல்லை, எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, ஒலிகளைக் கோத்துப் படிக்கவைக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. நம் ஊர் விளம்பரங்களில் வரும் 'ஃபோனிக்ஸ்' இந்த இரண்டாவது கட்சிதான். அமெரிக்காவில் 1955-ல் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர், 'ஜானிக்கு ஏன் படிக்க வரவில்லை' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு புத்தகமே எழுதி, முதல் கட்சியைப் போட்டுத் தாக்கினார். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 2000-ல் அங்கே தேசிய வாசிப்புக் குழு ஒன்று ஆராய்ச்சிகளை அலசி, ஒலியை முறையாகச் சொல்லிக்கொடுப்பது பலன் தருகிறது என்று அறிக்கை கொடுத்தது. பள்ளிகள் உடனே மாறிவிடவில்லை.

மாறிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். மிஸிஸிப்பி, அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று. நாலாம் வகுப்பு வாசிப்பில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்த மாநிலம். 2013-ல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களுக்கு வாசிப்பு எப்படி வருகிறது என்றே பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கும் பிள்ளைகளைச் சின்ன வகுப்பிலேயே கண்டுபிடித்துத் தனியாக உதவினார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்க வராதவர்களை அதே வகுப்பில் நிறுத்தவும் செய்தார்கள் (இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை). 2024-ல் அந்த மாநிலத்தின் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தேசிய சராசரியையே தாண்டினார்கள். ஃபோனிக்ஸ் மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது இல்லாமல் நடந்திருக்காது.

சரி, இதெல்லாம் ஆங்கிலக் கதை. தமிழுக்கு?

தமிழ் படித்த பாட்டிகளுக்கு ஃபோனிக்ஸ் புதுசே இல்லை. 'க் கூட அ சேர்ந்தா க, க் கூட ஆ சேர்ந்தா கா' என்று அவர்கள் ராகம் போட்டுச் சொன்னது வேறென்ன? மெய்யும் உயிரும் கூடினால் உயிர்மெய் என்பதுதான் அது. மாதம் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிற அதே விஷயம், தமிழில் எழுத்தின் வடிவத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. 'ப' என்ற எழுத்தின் பெயரும் 'ப', அதன் ஒலியும் 'ப'. ஆங்கிலத்தில் 'சி, ஏ, டி' என்று எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் பூனை வராது.

ஆனால் தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. 247 எழுத்து என்றதும் சுவர் நிறைய சார்ட் வாங்கி ஒட்டி, 'க'விலிருந்து 'னௌ' வரை மனப்பாடம் செய்யவைக்கிற வீடுகள் உண்டு. 'ங' வரிசையில் பன்னிரண்டு எழுத்தையும் ஒரு ஐந்து வயதுப் பிள்ளை ஏன் சொல்ல வேண்டும்? எழுத்தாளர் ராஜேந்திரகுமார் புண்ணியத்தில் 'ஙே' மட்டும்தான் பிழைத்துக் கிடக்கிறது. பிள்ளைக்குத் தெரிய வேண்டியது பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், அந்த உயிர்கள் மெய்யோடு சேரும்போது போட்டுக்கொள்ளும் குறிகள். மீதியைத் தானே கட்டிக்கொள்ளும்.

அந்தக் குறிகளில்தான் வம்பு. 'கா'வில் இருக்கும் கால், 'ர' மாதிரியே இருக்கும். 'கெ', 'கே', 'கை' எழுதும்போது குறி முன்னால் வரும், ஒலி பின்னால் வரும். 'கொ'வில் இரண்டு பக்கமும் வரும். 'கௌ'வைப் பிரித்துப் போட்டால் 'கெள' ஆகிவிடும். அச்சடித்த சார்ட்டுகளிலேயே இந்தத் தப்பைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட மோசம் உகர வரிசை. கு, சு, டு, து, மு என்று ஆளுக்கு ஒரு வால், ஆளுக்கு ஒரு சுழி. பெரியார் 1930-களிலேயே முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் மற்ற எழுத்துகள் மாதிரி ஒழுங்காகின. உகர வரிசையைத் தொடவில்லை. (தாத்தா வீட்டுப் பரணில் இருக்கும் பழைய புத்தகத்தில் துதிக்கை வைத்த 'லை'யைப் பார்த்துப் பேரன் முழித்தால் திட்டாதீர்கள். அவன் அதைப் படித்ததே இல்லை.) அதனால் உகர, ஊகாரக் குறிகளைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுங்கள்.

எதில் தொடங்குவது? 'அ'வில் தொடங்கி வரிசையாகப் போனால், பிள்ளை ஒரு சொல்லைப் படிப்பதற்குள் மாசக் கணக்காகிவிடும். எழுத எளிதான வடிவங்களில் தொடங்கிப் பாருங்கள். ட, ப, ம, ர, த என்று ஐந்தே எழுத்து. மேலே ஒரு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் படம், மரம், பட்டம், மட்டம், ரதம், தடம், மடம் எல்லாம் படிக்கலாம். அடுத்து ஒரு கால் சேருங்கள். தாத்தா வந்துவிடுவார். மாமா வந்துவிடுவார். பாடம், மாதம், பாதாம், மாமரம் எல்லாம் வரும். 'மாமா மாமரம் பார்த்தார்' என்று ஒரு முழு வாக்கியமே வந்துவிடுகிறது. அதை ஒரு அட்டையில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். யாரும் படித்துக் காட்டாத வாக்கியம், எந்தப் புத்தகத்திலும் பார்க்காத வாக்கியம். அதைத் தானே கூட்டிப் படித்து முடித்ததும் அந்த முகம் மலர்வது இருக்கிறதே, அதற்கு எந்த ஆப்பிலும் ஸ்டிக்கர் கிடையாது.

எழுத்தைச் சொல்லும்போதே எழுதவும் விடுங்கள். தட்டில் அரிசி, மாவு, மணல் எது இருந்தாலும் சரி. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்கள். 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் சட்டாம்பிள்ளை முறையைப் போன்ற ஏற்பாட்டையும் சேர்த்து, 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். கண் பார்க்க, வாய் சொல்ல, விரல் வரைய, மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும்போது எழுத்து மனசில் நிற்கிறது. மொபைல் திரையைத் தட்டுவதில் அந்த விரல் வேலை இல்லை. போதாததற்கு ஆப்பில் படம் வந்து, குரலும் வந்து, சொல்லைச் சொல்லியே கொடுத்துவிடும். அப்புறம் பிள்ளை எதற்கு எழுத்தைப் பார்க்கப்போகிறது?

படத்தைப் பார்த்து ஊகிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு பறவைப் படம், கீழே 'குயில்' என்று எழுதியிருக்கிறது. பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்து, படத்தையும் பார்த்து, 'குருவி' என்கிறது. 'கிட்டத்தட்ட சரி' என்று நாமும் விட்டுவிடுகிறோம். தடுமாறினால் 'படத்தைப் பாரும்மா' என்று நாமே வழியும் காட்டுகிறோம். அங்கேதான் பிள்ளை எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. 'எழுத்தைப் பாரு, கு… யி… ல்' என்று விரலை நகர்த்துங்கள். கதை அரை நிமிடம் நின்றால் பரவாயில்லை.

ஆனால் எழுத்துக்கூட்ட வந்துவிட்டால் மட்டும் போதுமா? தமிழில் போதாது என்பேன். வீட்டில் பிள்ளை கேட்பது 'தம்பி வீட்ல இல்ல, கடைக்குப் போயிட்டான்'. புத்தகத்தில் இருப்பது 'தம்பி வீட்டில் இல்லை, கடைக்குப் போய்விட்டான்'. பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகக் கூட்டியும், 'போய்விட்டான்' என்பது தான் தினமும் சொல்லும் 'போயிட்டான்' என்று அதற்குத் தெரிவதில்லை. வேறு ஏதோ பாஷை என்று நினைத்துக்கொள்கிறது. 'க', 'ட', 'ப' மாதிரி எழுத்துகள் இடத்துக்கு இடம் ஒலி மாறுவதும் இருக்கிறது. 'பல்'லில் வரும் 'ப' வேறு, 'தம்பி'யில் வரும் ஒலி வேறு. 'கல்', 'தங்கம்' சொல்லிப் பாருங்கள், 'க'வும் மாறும். இதற்கு எந்த சார்ட்டும் உதவாது. சொல்லைக் காதால் கேட்டுப் பழகிய பிள்ளை, முதலில் தப்பாகப் படித்தாலும் 'ஓ, தங்கமா!' என்று தானே திருத்திக்கொள்ளும்.

அந்தக் காதைப் பழக்கத்தான் பெரியவர்கள் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கதையைப் பேச்சு வழக்கில் சொல்வதும் தேவை. கூடவே, புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே, 'போய்விட்டான்' என்றால் 'போய்விட்டான்' என்றே படிப்பதும் தேவை. பாட்டி, தாத்தா யார் படித்தாலும் சரி. காசு செலவழிக்க வேண்டியதில்லை. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பெரியவர் படிக்கும் புத்தகம் பிள்ளையின் எழுத்தறிவைவிட மேலே இருக்கலாம். பிள்ளை தானே படிக்கும் வரி, அதற்குத் தெரிந்த எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளின் பெற்றோர், ஆங்கிலத்துக்கு எழுத்தின் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு ஒலியில் தொடங்குங்கள். பல ஃபோனிக்ஸ் பாடங்களில் முதலில் வரும் ஆறு எழுத்துகள் எஸ், ஏ, டி, பி, ஐ, என். இவற்றை வைத்தே சிட், பின், டின், டிப், பேன், ஆன்ட் எல்லாம் படித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை, கூட ஒரு 'அ' ஒட்டிக்கொள்ளக் கூடாது. 'ப', 'இ', 'ன' என்று சேர்த்தால் 'பஇன' என்றுதான் வரும். 'ப்', 'இ', 'ன்' என்று சேர்த்தால் 'பின்'. மெய்யெழுத்து தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். ஆங்கிலத்தில் ஒலிக்கு அடங்காத 'த', 'செட்', 'ஒன்' மாதிரி சில சொற்களைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும். அதற்காக எல்லாச் சொல்லையும் அப்படியே மனப்பாடம் செய்யவைப்பது வீண் வேலை.

'எங்க பையன் மூணாவது போயிட்டான், இனிமே எங்க உட்கார்ந்து ட, ப, ம சொல்லிக்கொடுக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. அவன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறான் என்று பாருங்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்து அமரவைத்தது இதற்காகத்தான். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்தில் நிற்கும், ஒரு பிள்ளை சொல்லில், இன்னொன்று கதையில். வீட்டில் ஒரே பிள்ளைதானே, உங்களுக்கு இன்னும் சுலபம். உகரக் குறியில் தடுக்கினால் ஒரு வாரம் உகரம் மட்டும். தம்பி, தங்கைக்கு அவனையே சொல்லிக்கொடுக்கச் சொன்னால் அவன் மானமும் தப்பும், பாடமும் ஆகும்.

நாலு வயதில் படிக்கவில்லையே என்று யாரும் பதற வேண்டாம். ஃபின்லாந்தில் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேருவதே ஏழு வயதாகும் வருடத்தில்தான். ஆனால் ஒன்றிரண்டு வருடம் பொறுமையாக, சரியாகச் சொல்லிக்கொடுத்தும், ஏழு எட்டு வயதில் இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சொல்லத் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அங்கே பிரச்னை இல்லையென்றால் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். அதற்கும் அறிவுக் குறைவுக்கும் சம்பந்தம் இல்லை. சிறப்புக் கல்வி ஆசிரியர்களிடம் காட்டுங்கள். சென்னையில் 'மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்' இதற்காகவே பல வருடங்களாக இயங்குகிறது. அடியும் அர்ச்சனையும் இந்தப் பிள்ளைகளைப் புத்தகத்தைக் கண்டாலே ஒளிந்துகொள்ளத்தான் வைக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், பதினைந்து நிமிடம் போதும். ஆனால் தினமும். பாதி நேரம் பிள்ளை தானே கூட்டிப் படிக்கட்டும், மீதி நேரம் நீங்கள் படித்துக் காட்டுங்கள். ராத்திரி தூக்கம் வரும் நேரத்தில் முதல் பாதியை வைக்காதீர்கள், இரண்டாவது பாதிக்கு அதுதான் நல்ல நேரம்.

பென்சில் பிடிக்கும் முறை, இடது கைப் பழக்கம் இரண்டையும் பற்றிக் கேட்டு எழுதியிருப்பவர்களுக்கு அடுத்த வாரம் பதில் சொல்கிறேன்.